நகரத்துக் குதிரைக்கு என்ன தேவை?

மெரினாவில் சவாரி போகும் குதிரையோ, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் குதிரையோ, நகரத்தில் அதற்கு முதல் எதிரி வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் பந்தியில் மிஞ்சிய சோற்றைப் பாசத்தோடு கொண்டுவந்து கொட்டுபவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். கொள்ளு நல்லதுதான், ஆனால் வயிற்றை நிரப்ப வேண்டியது புல். அதையும் மணலில் போடாமல் தொட்டியில் போடுங்கள். கூடவே உள்ளே போகும் மணல் குடலில் தங்கிவிடும்.

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா? தரையில் உருள்கிறதா? லத்தி போடவில்லையா? கைவைத்தியம் வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தண்ணீர் நாளுக்கு 25 முதல் 40 லிட்டர். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே படியாமல் நின்றால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது.

தார் ரோட்டில் நடப்பதற்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைச் சரிபார்க்க வேண்டும். ராத்திரி கட்டுவதற்கு முன் நாலு குளம்பையும் தூக்கி, அடியில் ஆணி, கண்ணாடிச் சில்லு இருக்கிறதா பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம்.

ஊர்வலக்காரர்களே, குதிரையின் காதுக்குப் பக்கத்தில் சரவெடி வைக்காதீர்கள். மாப்பிள்ளை மேலே உட்கார்ந்திருக்கிறார்.

சவாரிக்கு வருபவர்கள் நொண்டும் குதிரையிலும், சேணத்தின் ஓரம் புண் தெரியும் குதிரையிலும் ஏற மறுத்துவிடுங்கள்.