நியூட்ரலுக்கு எதிர்ச்சொல் என்ன?

தேனி மாவட்டத்தில் 'நியூட்ர...' என்று ஆரம்பித்தாலே போதும், 'பொட்டிபுரம்தானே?' என்று கேட்பார்கள். போடி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரோடு நியூட்ரினோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குள் இருக்கும் 'நியூட்ரல்' என்ற சொல்லை இந்த முறை பிரித்துப் பார்ப்போம்.

பிறப்பு

லத்தீனில் 'நெ' என்றால் இல்லை. 'உட்டர்' என்றால் இரண்டில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் 'நியூட்டர்', அதாவது இரண்டில் எதுவும் இல்லை. ஆண்பாலும் இல்லாத, பெண்பாலும் இல்லாத பெயர்ச்சொற்களை அந்த மொழியின் இலக்கணக்காரர்கள் இப்படித்தான் அழைத்தார்கள். நம்ம இலக்கணத்திலும் இதே மாதிரி ஒரு சொல் இருக்கு: அல் + திணை = அஃறிணை. அதுவும் 'இல்லை' என்று சொல்லியே பெயர் வைக்கிறது.

1930இல் வோல்ப்காங் பௌலி, பீட்டா சிதைவில் ஆற்றல் கணக்கு இடிப்பதைச் சரிசெய்ய, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் இருக்கலாம் என்றார். அதற்கு 'நியூட்ரான்' என்று பெயரும் வைத்தார். 1932இல் சாட்விக் வேறொரு கனமான துகளைக் கண்டுபிடிக்க, பெயர் அதற்குப் போய்விட்டது. இத்தாலிய மொழியில் 'ஓனே' என்ற விகுதி பெரியது என்று காட்டும், 'இனோ' சின்னது என்று காட்டும். பெர்மியின் குழுவில் இருந்த அமால்டி விளையாட்டாகச் சொன்ன 'நியூட்ரினோ' நிலைத்துவிட்டது. பொருள்: குட்டி நியூட்ரல். ரைன்ஸும் கோவனும் 1956இல்தான் அதைச் சோதனையில் பிடித்தார்கள்.

எதிர்ச்சொல்

'இரண்டில் எதுவும் இல்லை' என்பதுதான் பொருள் என்றால், எதிர்ச்சொல் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். எந்த இரண்டு என்று முதலில் கேட்க வேண்டும்.

இயற்பியலில்: பாசிட்டிவ், நெகட்டிவ்.
வேதியியலில்: அமிலம், காரம்.
வண்டியில்: முன் கியர், ரிவர்ஸ் கியர்.
சண்டையில்: இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

மூன்று பேஸ் லைனில் மட்டும் எதிரே மூன்று பேர் நிற்பார்கள்: ஆர், ஒய், பி.

இந்தப் பட்டியலில் 'ஆபத்து' எங்கேயும் இல்லை, கவனிச்சீங்களா? நியூட்ரல் என்றால் ஆபத்தில்லாதது என்று பொருளே கிடையாது. போடிமெட்டு இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிமானம் போய், முழு பாரமும் பிரேக்கில் விழும். வீட்டு வயரிங்கில் நியூட்ரல் வயர் நடுவில் அறுந்தால், லோடு வழியாக அதற்கும் வோல்டேஜ் வந்து நிற்கும், தொட்டால் ஷாக்தான். நியூட்ரானுக்கும் மின்னூட்டம் கிடையாது, ஆனால் அதன் கதிர்வீச்சு உடலைப் பாதிக்கும். நியூட்ரினோ நம் உடம்பைத் தொந்தரவு செய்யாமல் ஊடுருவிப் போவதற்குக் காரணம், அது எதோடும் மிக மிக அரிதாகவே வினைபுரிவது. மின்னூட்டம் இல்லாதது மட்டும் காரணம் இல்லை.

பொட்டிபுரம்

இங்கேதான் சொல்லின் பொருள் முக்கியமாகிறது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் காந்தமூட்டிய இரும்பு உணர்கருவி என்பது திட்டம். காஸ்மிக் கதிர்களைத் தடுக்கத்தான் மலை தேவைப்பட்டது. பிறகு வழக்குகள் வந்தன. 2022இல் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி, இந்த இடத்தில் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

'நியூட்ரினோ நியூட்ரல்தானே, என்ன பயம்?' என்பது ஒரு வாதம். அது துகளைப் பற்றிய பதில். ஊர்க்காரர்கள் கேட்டதோ பாறை வெடிப்பு, தண்ணீர், காடு பற்றிய கேள்வி. கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. மறுபக்கம், நியூட்ரினோவையும் நியூட்ரானையும் குழப்பிக்கொண்டு அணுகுண்டு வரைக்கும் போன பேச்சும் சரியில்லை. அந்தக் குழப்பம் விலகினாலும் தண்ணீர்க் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

நொதுமலும் நடுவும்

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. நட்பும் பகையும் இல்லாத அயல் நிலை 'நொதுமல்'. அதிலிருந்துதான் நியூட்ரானுக்கு 'நொதுமி' என்ற கலைச்சொல் வந்தது. 'நடுவு நிலைமை' வேறு. குறளின் அந்த அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு என்ற மூன்று தரப்பிலும் அறம் தவறாமல் ஒரே மாதிரி நிற்பதே நடுவு நிலைமை என்கிறார். அதாவது நொதுமலர் என்பவர் நமக்கு யாரோ ஒருவர். நடுவு நிலையில் நிற்பவர் அந்த யாரோவுக்கும் நியாயம் பார்க்க வேண்டியவர். ஆங்கிலத்தில் 'நியூட்ரல்' இரண்டு வேலையையும் செய்கிறது. 'நான் நியூட்ரல்பா' என்று ஒருத்தர் சொன்னால், இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்க.

பயிற்சி: எதிர்ச்சொல் எழுதுங்க

1. நியூட்ரல் கரைசல்
2. நியூட்ரல் நாடு
3. நியூட்ரல் கியர்
4. நியூட்ரல் நடுவர்

நான்காவதற்கு மட்டும் ஜோடி வராது, ஒரே சொல்தான். ஏன் என்று யோசிங்க.