வலியறிதலும் குத்துச்சண்டையும்

இருவர் கைகலந்து பொரப்போகின்றனர் என்றால், எவர் வெல்வர் என முன்கூட்டிச் சொல்ல விழையாதார் மிகச் சிலரே. 'அவன் உயரம் மிக்கவன். ஆதலின் அவனே வெல்வான்' என்பார் ஒருசாரார். 'இவன் குத்து வலிது. ஒன்று பட்டாற் போதும்' என்பார் மற்றொரு சாரார். இன்னும் சிலர் கணக்கில் இறங்குவர்: 'அவனை வென்றவனை இவன் வென்றிருக்கின்றான், ஆகவே அவனையும் வெல்வான்' என்பது அவர்தம் கணக்கு. எண்களுக்கு இது பொருந்தும். மக்கட் போர்க்குப் பொருந்துவதில்லை. ஏன் பொருந்துவதில்லை என்பதை நம் நூல்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயில்வார்க்குக் குத்துச்சண்டையில் என்ன வேலை என்று விளையாட்டுத் துறை நண்பர்கள் நகுதல் கூடும், நகுக.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றையும் 48, 49, 50-ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தனர். முதலில் வலியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுகின்றார். அவ்வலியும் ஒன்றன்று; செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, இருவர்க்கும் துணையாவார் வலி என நான்கு. தூக்கி முடித்த பின்னரும் அவர் மனம் நிறைவெய்தவில்லை போலும். பகலிற் காக்கைக்குத் தோற்கும் கூகையையும், நீரை விட்டு நீங்கினாற் பிறவற்றிற்குத் தோற்கும் முதலையையும் காட்டி, வலி என்பது காலமும் இடமும் மாற மாறத் தானும் மாறுவது என்கின்றார். தாக்கும் பொருட்டுப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவையும் அவர் மறந்திலர். குத்துச்சண்டை பயிற்றும் ஆசான்மார் இவ்வொன்றையேனும் தம் மாணாக்கர்க்குச் சொல்லலாம். பின்வாங்குவோன் அஞ்சியே பின்வாங்குகின்றான் என்று நம்பி முன்பாய்ந்து வீழ்ந்தவர் மிகப் பலர்.

மேற்கூறிய கணக்கு உலகறியப் பொய்த்த நாள் ஒன்றுண்டு. 1971 மார்ச்சு 8-ஆம் நாள் ஜோ பிரேசியர் முகம்மது அலியை வென்றார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டனும் அலியை வென்றார். ஜார்ஜ் போர்மனோ, அப்பிரேசியரை 1973 சனவரியில் ஆறு முறை தரையில் வீழ்த்தி இரண்டாம் சுற்றிலேயே வென்றவர். நார்ட்டனையும் 1974 மார்ச்சில் இரண்டாம் சுற்றிலேயே சாய்த்தவர். 1974 அக்டோபர் 30-ஆம் நாள் ஆப்பிரிக்காவில் சயீர் நாட்டுத் தலைநகராகிய கின்சாசாவில் அலியும் போர்மனும் எதிர்நின்றபோது, அலிக்கு 32 வயது, போர்மனுக்கு 25. போர்மன் அதுகாறும் பொருத 40 போர்களிலும் வென்றவர். அவற்றுள் 37-இல் எதிரியை இறுதிவரை நிற்கவே விட்டிலர். கணக்குப் போட்டவர்க்கு ஐயமே எழவில்லை. எட்டாம் சுற்றில் தரையிற் கிடந்தவர் போர்மன்.

இதனைத் தெளியப் பொருவோரின் முறைகளை நோக்கல் வேண்டும். எட்ட நின்று, நீண்ட இடக்கையால் எதிரியைத் தடுத்து, விலகி விலகிப் பொருவது ஒரு முறை. அது அலியின் முறை. உடலைத் தாழ்த்தித் தலையை ஆட்டிக்கொண்டு நெருங்கி உட்புகுந்து, வளைந்து வரும் இடக்கைக் குத்தாற் புடைப்பது பிரேசியர் முறை. எதிரியை ஓரிடத்து நிறுத்தி, ஒரு குத்திலேயே முடித்துவிட முயல்வது போர்மன் முறை. அலியோ குத்தினின்று தப்பத் தலையைப் பின்சாய்ப்பவர். நேர்வரும் குத்துக்கு அது போதும், பக்கத்தே வளைந்து வருவதற்குப் போதாது. ஆதலின் பிரேசியரின் இடக்கை அவர்க்குத் தீங்காயிற்று. அதே பிரேசியர் போர்மன்முன் நெருங்கிப் புகுந்தபோது, அவர் கைக்கெட்டும் இடத்திற்குத் தாமே சென்று நின்றவரானார். ஒருவனிடத்து ஆற்றலாயிருந்த முறையே மற்றொருவனிடத்துக் குறையாயிற்று.

இனி அலி கின்சாசாவிற் செய்தது. முதற்சுற்றில் வலக்கையால் முந்தித் தாக்கினார். பின்னர்க் கயிற்றிற் சாய்ந்து, தலையையும் விலாவையும் கைகளால் மறைத்து, போர்மனைக் குத்தவிட்டார். கயிறு நெகிழ்ந்து கொடுத்தது. குத்துகளிற் பெரும்பாலன கைகளிலேயே பட்டன. புழுக்கம் மிகுந்த நாடு. விடியற்காலை நான்கு மணி. இரண்டு சுற்றில் முடித்துப் பழகிய போர்மன் நெடும்பொழுது பொரும் பழக்கம் குன்றியிருந்தவர். ஐந்து சுற்றுக்கு மேல் தம் கைகளைத் தூக்கவே வருந்தினார். வலியைத் தூக்கியவர்கள் காலத்தையும் இடத்தையும் தூக்க மறந்தனர் என்பதன்றி வேறென் சொல்லுவது? இவ்வலியே 1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப்போர் ஆடியவர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பயின்ற வடசென்னை மக்கட்கு அவர் அயலாராகத் தோன்றியிரார்.

நம் பழம்பாட்டிலும் இத்தகைய போர் ஒன்றுண்டு. முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள பாட்டுகள் பாடுகின்றன. 1894-இல் அந்நூலை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் பின்னாளிற் சிதம்பரத்து மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராகவும் விளங்கினமை இப்பகுதியார்க்குப் பெருமை. சாத்தந்தையார் அவ்வொரு போர்க்கே இரண்டு உவமைகள் தருகின்றார். 80-ஆம் பாட்டில் கிள்ளி, பசிகொண்டு மூங்கிலை முறிக்க முயலும் யானை. ஒரு கால் மல்லன் மார்பில், மற்றொரு கால் பின்புறத்தே. 82-ஆம் பாட்டில் அவன் போர், விழாவும் மனைவியின் மகப்பேறும் மழையும் மாலைப்பொழுதும் ஒருங்கே நெருக்கக் கட்டில் பின்னுவோன் கையூசியினும் விரைவுடையது. ஒன்று பாரம், ஒன்று விரைவு. இவ்விரண்டும் உடையான் ஒருவனை எதிர்ப்போன் எதற்கு அணியமாவான்? கிள்ளி வென்றதன் காரணத்தைப் புலவர் இவ்வுவமைகளிலேயே வைத்துப்போயினர் என்பது எம் கருத்து. நக்கண்ணையாரின் 85-ஆம் பாட்டு இன்னும் சுவையுடைத்து. அவ்வூர் கிள்ளியின் ஊரன்று; ஆதலின் வென்றான் என்று ஒருசாராரும், வென்றிலன் என்று ஒருசாராரும் கூறுகின்றனர். அவளோ சிலம்பொலிப்ப ஓடிப் பனைமரத்தைப் பொருந்தி நின்று தன் கண்ணாலேயே காண்கின்றாள். அவளும் நடுநிலையாள் அல்லள் என்பதைப் புலவர் மறைக்கவில்லை.

எண்ணிக்கை ஏமாற்றுவதைக் கடலூர்க் கடலும் கண்டுள்ளது. 1783 சூன் 20-ஆம் நாள் இங்கே ஆங்கிலத் தளபதி ஹியூசும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஐந்தாம் முறையாகப் பொருதனர். ஹியூசிடம் 18 போர்க்கப்பல், சஃப்ரனிடம் 15. ஆயின் ஹியூசின் மாலுமிகள் நோயால் நலிந்திருந்தனர், குடிநீரும் குறைந்திருந்தது. சஃப்ரனுக்கோ கோட்டைப் படையினின்று 1,200 பேரளவில் துணை கிடைத்திருந்தது. கப்பல் ஒன்றும் மூழ்கவில்லை. எனினும் கடலூரை விட்டுச் சென்னைக்கு நீங்கியவர் ஹியூசே. சிதம்பரத்தார் சொல்லும் தில்லைக் காளியின் கதையும் ஒருவாறு இதற்கு இனமானது. ஆடலில் இருவரும் ஒத்து நின்றவிடத்து, காலைத் தலைக்கு மேல் தூக்குதலாகிய, எதிராளி நாணிச் செய்யாத ஒன்றைச் செய்து கூத்தன் வென்றான் என்பர்.

வெற்றியை முன்னறிவோர் அதன் விலையை எண்ணுவதில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். 1975 அக்டோபர் 1-ஆம் நாள் மணிலாவில் அலியும் பிரேசியரும் மூன்றாம் முறை பொருதபோது, பதினான்காம் சுற்று முடிந்ததும் பிரேசியரின் ஆசான் எட்டி ஃபட்ச் அவரை மேலும் பொரவிடாது நிறுத்தினார். வென்ற அலிக்கோ 1984-இல் நடுக்குவாத நோய் இருப்பதாக மருத்துவர் கண்டனர், 2016-இல் மறைந்தார். நோய்க்குக் குத்துகளே காரணம் என்று யாம் துணிந்து கூறோம். ஆயினும் குத்துகளை ஏற்று ஏற்று எதிரியைக் களைப்புறச் செய்யும் முறையை மாணாக்கர் எவரும் பின்பற்றலாகாது என்பதில் எமக்கு ஐயமில்லை.

இம்முறையை அருகிலேயே சோதிப்போம். வரும் ஆண்டு சிதம்பரத்தில் நிகழவுள்ள போட்டியில் நம் கல்லூரி மாணாக்கர் ஒருவர், அவ்வூர் மாணாக்கர் ஒருவரை முதன்முறை எதிர்ப்பார் எனத் தெரிகின்றது. நம்மவர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்தவர், நெடியவர், எட்ட நின்று பொருபவர். மற்றவர் குறியவர், நெருங்கிப் புகுபவர். அவரை வென்ற ஒருவரை நம்மவர் வென்றிருத்தலின், விடுதியில் இப்பொழுதே வெற்றி பேசப்படுகின்றது. இருவர் ஆட்டத்தையும் கண்ட யாம், இன்றைய நிலையில் வெல்பவர் சிதம்பரத்தாரே என எழுதுகின்றோம். நம்மவர் பின்வாங்குங்கால் நேர்கோட்டிலேயே பின்வாங்குகின்றார். நான்கு அடியிற் கயிறு வந்துவிடும். மூன்று நிமிடமாக மூன்று சுற்றே உடைய போட்டியில் எதிரி களைப்பான் எனக் காத்திருத்தற்கும் பொழுதில்லை. பக்கம் விலகக் கற்பாராயின் எம் கருத்தை மாற்றிக்கொள்வோம்.

இப்பகுதியை அச்சுக்கு அனுப்புமுன் அவரிடமே படித்துக் காட்டினோம். சற்றுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். அப்படியே அச்சிடுங்கள் என்றார். மறுநாட் காலை விடுதியின் பின்புறத்தே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, அதன் விளிம்பிலேயே சுற்றிச் சுற்றிக் கால்வைத்துப் பழகுவதைக் கண்டோம்.