ஊசித்துளைக் காமிராவில் அரையாண்டுச் சூரியத் தடம்

வில்லையில்லாத ஊசித்துளைக் காமிராவினுள் கறுப்பு-வெள்ளைப் போட்டோக் காகிதத்தை வைத்து, மாதக்கணக்கில் துளையைத் திறந்தே விட்டால், சூரியன் நாள்தோறும் வானில் செல்லும் வழி அதில் கோடாகப் பதிகின்றது. காகிதத்திலுள்ள வெள்ளி உப்பு ஒளியாலேயே கருமையடைவதால், டெவலப்பர் வேண்டுவதில்லை.

இம்முறை 2000-ஆம் ஆண்டளவில் போலந்தில் தோன்றியது. அங்குக் குவளையைச் செங்குத்தாக நிறுத்தித் தெற்கு நோக்கி வைப்பர். நம் நாட்டில் அவ்வாறு வைப்பது பயன் தராது. குளிர்பானக் குவளையின் விட்டம் சுமார் 66 மில்லிமீட்டர்; உயரம் 115. நடுவில் துளையிட்டால், அடிவானத்திற்கு மேல் 41 பாகை வரையே அது காணும். தில்லியில் டிசம்பர் 22 அன்று நண்பகற் சூரியன் 38 பாகை உயரத்திலும், ஜூன் 21 அன்று 85 பாகை உயரத்திலும் நிற்கின்றது. சென்னையிலோ டிசம்பரிலேயே 53 பாகை!

ஆகவே குவளையைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்தல் வேண்டும். அடிப்பாகம் வடக்கே உயர்ந்தும், மூடிப்பக்கம் தெற்கே தாழ்ந்தும், துளை மேற்புறத்திலும் இருக்கட்டும். சாய்வு அவ்வூர் அட்சரேகைக்குச் சமம்: தில்லியில் 28½ பாகை, நாகபுரியில் 21, சென்னையில் 13. இச்சாய்வில் மரக்கட்டை அறுத்து அதன் மேல் குவளையை இறுகக் கட்டலாம். காற்றில் சிறிது அசைந்தாலும் கோடுகள் கெடும். மரமும் கட்டடமும் இப்படத்தில் விழமாட்டா என்பது உண்மையே. ஆயினும் சூரியத் தடம் முழுவதும் கிடைக்கின்றது.

துளை 0.4 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. சிவப்பு விளக்கொளியில் காகிதத்தைச் சுருட்டி, பூச்சுப்பக்கம் உட்புறமாக, துளையை மறைக்காதவாறு செருகுக. வாயைக் கறுப்பு அட்டையாலும் நாடாவாலும் ஒளி புகாமல் அடைத்திடுக. வெளியே நோக்கம் எழுதிய சீட்டொன்றும் ஒட்டுக. கேட்பாரற்ற குவளையைக் கண்டு காவலர் ஐயுறுவது இயல்பு.

டிசம்பர் 22-இல் வைத்து ஜூன் 21-இல் எடுப்பது நன்று. அதற்கு மேல் விட்டால், திரும்பி வரும் சூரியன் பழைய தடங்களின் மேலேயே எழுதும். மேல்நோக்கிய துளையில் மழை புகுமாதலால், பருவமழை முந்தும் இடங்களில் மே இறுதியிலேயே எடுத்துவிடலாம். ஜூன் தடங்கள் மிக நெருங்கியே அமைவதால் இழப்பு சிறிது.

மார்ச் 21-ஐ ஒட்டிய தடம் நேர்கோடாக இருக்கும், ஏனையவை வளையும். ஒரு நாள் மேகம் தடங்களின் நெருக்கத்தில் தெரியாமற் போகலாம். தொடர்ந்து பல நாள் மூடினால் வெற்றுப் பட்டை தோன்றும். மாணவர்கள் நாள்தோறும் எழுதிய மேகக் குறிப்புடன் அதனை ஒப்பிடுவார்களாக.

எடுத்த காகிதத்தை ஹைப்போவில் இடலாகாது, உருவம் வெளிறிவிடும். மங்கிய ஒளியில் ஒரே முறை ஸ்கேன் செய்து, கணினியில் கருமை வெண்மைகளை மாற்றிக்கொண்டு, மூலத்தைக் கறுப்பு உறையிலிட்டு வைக்கவும்.