கூப்பிட்டால் சிமிட்டும் தோட்டத்து விளக்கு

திண்ணையில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினால் தோட்டத்துக் கேட்டிலோ கிணற்று மேட்டிலோ விளக்கு சிமிட்ட வேண்டும். ஒயர் இழுக்கக் கூடாது, பாட்டரியும் சீக்கிரம் தீரக் கூடாது. சால்டரிங் பிடித்துப் பழகியவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. முதலில் கணக்கு. 100 மில்லி ஆம்பியர் எல்.இ.டி. ஒன்று விநாடிக்கு ஒரு தடவை, 50 மில்லி விநாடி மட்டும் மின்னினால் சராசரியாக 5 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். தினம் 10 நிமிஷம் சிமிட்டினாலும் செலவு 1 மில்லி ஆம்பியர்-மணியைத் தொடாது. சிக்னல் எப்போது வரும் என்று விழித்தே இருக்கும் ரிசீவரும் அதே 5 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது. ஆனால் 24 மணி நேரமும். ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி ஆச்சு. 2,500 கொள்ளளவுள்ள பாட்டரி மூன்றே வாரத்தில் காலி. ஆக, பாட்டரியைத் தின்பது விளக்கு இல்லை, ரிசீவர்.

2. அதனால் ரிசீவரைத் தூங்க வையுங்கள். 2 விநாடிக்கு ஒரு தடவை, 10 மில்லி விநாடி மட்டும் விழித்துப் பார்க்கும்படி புரோகிராம் எழுதினால் அந்த 120 வெறும் 0.6 ஆகிவிடும். பதிலுக்கு, ரிமோட் 2 விநாடிக்குச் சற்று அதிகமாகவே விடாமல் அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூங்குகிற ரிசீவருக்குத் தெரியாமலே அழைப்பு போய்விடும். விளக்கு வரத் தாமதமாவதால் ஆள் திரும்பத் திரும்ப அழுத்துவார். ரிமோட்டிலும் ஒரு சின்ன எல்.இ.டி. வைத்தால் பொறுமை வரும்.

3. ஆர்டுயினோ ஊனோ போர்டை அப்படியே வைக்காதீர்கள். சிப் தூங்கினாலும் போர்டில் இருக்கும் மற்றதெல்லாம் தூங்காது. தனி ஏடிமெகா சிப் போதும். 7805 ரெகுலேட்டரும் வேண்டாம்; சும்மா இருக்கவே அதற்குச் சில மில்லி ஆம்பியர் வேண்டும்.

4. 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வாங்கினால் ரெகுலேட்டரே தேவைப்படாது. மொபைல் பாட்டரிக்கான சார்ஜர் போர்டை இதற்குப் போடக் கூடாது. அது 4.2 வோல்ட் வரை ஏற்றும்; இந்தச் செல்லுக்கு 3.6தான் எல்லை. சோலார் பேனல்? மேலே உள்ள கணக்குப்படி அவசியமே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சார்ஜ் போட்டால் ஆயிற்று. பேனல் மேல் காக்கை எச்சம் துடைக்கிற வேலையும் மிச்சம்.

5. இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். அதற்கேற்ற லோரா மாட்யூல் வாங்குங்கள். ஆன்டெனாவுக்கு 8.6 சென்டிமீட்டர் செம்புக் கம்பி, நேராக நிமிர்ந்து நிற்கட்டும். தகரப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் வராது.

6. வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், 3.2 வோல்ட் செல்லில் அது மங்கலாகத்தான் எரியும். மஞ்சள் கலந்த ஆம்பர் நிறத்துக்கு 2 வோல்ட் போதும். பூச்சியும் குறைவாக வரும், பூச்சி தேடி வரும் பல்லியும் குறையும். ரயில் பாதை ஓரத்துத் தோட்டம் என்றால் சிவப்பும் பச்சையும் கூடவே கூடாது.

7. பிளாஸ்டிக் பெட்டியை எவ்வளவு அடைத்தாலும் உள்ளே வியர்க்கும். அடியில் சின்ன ஓட்டை போட்டு, எறும்பு நுழையாமல் நைலான் வலை ஒட்டுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பசை செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

8. ரிமோட்டுக்குத் தனி அடையாள எண் கொடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் அழுத்தி உங்கள் விளக்கு எரியக் கூடாது. 10 நிமிஷத்தில் தானே அணையும்படியும் எழுதிவிடுங்கள். அணைக்க யாருக்கும் ஞாபகம் வராது.

9. கம்பத்தில் ஏற்றும் முன் மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து, தூக்க நிலையில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். மைக்ரோ ஆம்பியர் அளவில் மீட்டர் இருக்கும்போது ரிசீவர் விழித்தால், மீட்டரிலேயே வோல்ட்டேஜ் விழுந்து சிப் ரீசெட் ஆகலாம். சர்க்யூட் கெட்டுவிட்டதென்று பிரித்துப் போடாதீர்கள். மில்லி ஆம்பியர் அளவுக்கு மாற்றிப் பாருங்கள், ஒழுங்காக ஓடும்.