தேறல்: கள்ளுப் பானையில் தெளிந்த சொல்

"தேறினாயா?" தேர்வு முடிவு வெளிவரும் நாளில் இக்கேள்வியைக் கேட்காத மாணவர் நம்மில் இலர். இரண்டாம் ஆண்டில் வேதியியல் பாடம் ஒன்றில் நான் தேறவில்லை. சுங்கை வேயிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பாட்டி என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார்.

"விடும்மா, தேறிடுவே" என்றார்.

"மறுபடி எடுக்க இன்னும் ஆறு மாதம் இருக்கு பாட்டி" என்றேன்.

"நான் பரீட்சையைச் சொல்லலே. உன்னைச் சொன்னேன்."

எனக்குத் தேர்வுச் சொல்லாக மட்டுமே தெரிந்த ஒன்று, பாட்டிக்கு வேறொரு சொல்லாக இருந்தது. காய்ச்சல் விட்ட பிள்ளையை "தேறிட்டான்" என்பார். துக்க வீட்டில் "மனசைத் தேத்திக்கோ" என்பார். நான் இந்திய ஆய்வியல் துறை மாணவி அல்லேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, எஸ்.பி.எம். தமிழுக்குச் சனிக்கிழமை வகுப்பு. என் தமிழ்க் கல்வி அவ்வளவே. ஆயினும் அந்தச் சொல் என்னை விடவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் புரட்டினேன். 'தேறு' என்பதன் அருகிலேயே 'தேறல்' இருந்தது. பொருள்: தெளிவு, தெளிந்த கள், தேன். கள்ளா? அங்கிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

பானைக்குள் நடப்பது

தென்னை அல்லது பனையின் பாளையைச் சீவி, அதன் நுனியில் கலயம் கட்டுவார்கள். வடிகிற சாறு இனிப்பாக இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காது, அதுவே பதநீர். கொங்கு நாட்டில் அதற்குத் 'தெளுவு' என்று பெயர். சுண்ணாம்பு இல்லையேல், காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். இனிப்பு சாராயச் சத்தாக மாறும். நுரையும் வெண்மையுமாகக் கலங்கிய கள் கிடைக்கும். இன்னும் நாள்பட விட்டால் காடியாகிவிடும்.

கலங்கிய கள்ளை ஆடாமல் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மேலே தெளிவு நிற்கும். அந்தத் தெளிவைத்தான் நம் முன்னோர் 'தேறல்' என்றனர். தேறு என்னும் வினையோடு 'அல்' விகுதி சேர்ந்து தேறல் ஆயிற்று. முதலில் அது தெளிகின்ற செயலின் பெயர். பிறகு தெளிந்த பொருளுக்கே பெயராயிற்று. இலக்கண வகுப்பில் இதைத் தொழிலாகுபெயர் என்று படித்திருப்போம். பொங்குவது பொங்கலாகவும், வற்றியது வற்றலாகவும், அவித்தது அவியலாகவும் ஆனதைப் போலத்தான் தேறியது தேறலாயிற்று.

சங்கப் புலவர்கள் இச்சொல்லைக் கூசாமல் கையாண்டனர். மலைபடுகடாம் மூங்கில் குழாய்க்குள் முதிர்ந்த தேறலைச் சொல்கிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைக் குறிப்பிடுகிறார். கடல் கடந்து வந்த திராட்சை மதுவுக்கும் தமிழில் புதுப்பெயர் தேவைப்படவில்லை. தேறல் என்பதே போதுமானதாக இருந்தது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாட்டவர் மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பிய இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. நக்கீரர் சொன்ன வாணிகத்துக்கு மண்ணுக்குள்ளேயே சான்று இருந்திருக்கிறது.

தேறு, தேற்று, தேர்

இனி நம் மாணவர்கள் தடுமாறும் இடத்துக்கு வருவோம். ஐந்தாம் படிவத்தில் நான் எழுதிய கட்டுரை ஒன்றில் 'தேர்வில் தேரினேன்' என்று இருந்தது. என் ஆசிரியை சிவப்பு மையில் வட்டமிட்டு, "எந்த ரகரம்?" என்று மட்டும் எழுதியிருந்தார். இன்று அதற்கு விடை சொல்ல முடிகிறது.

'தேர்' என்றால் ஆராய்தல், ஆராய்ந்து எடுத்தல். தேர்வு, தேர்தல், தேர்ச்சி ஆகியவை அதன் வழி வந்தவை. 'தேறு' என்றால் தெளிதல். ஆகவே, தேர்வு என்பது நம்மை ஆராய்வது. தேறுவது என்பது நாம் தெளிவது. முன்னது ஆய்வாளரின் வேலை, பின்னது நம் வேலை. இடையின ரகரத்துக்கும் வல்லின றகரத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

தேறு தன்வினை, தேற்று பிறவினை. மாறு–மாற்று, ஏறு–ஏற்று போல. தானாகத் தெளிந்தால் தேறுதல். பிறர் கைகொடுத்துத் தெளியவைத்தால் தேற்றுதல். துன்பத்தில் இருப்பவருக்கு 'ஆறுதல், தேறுதல்' சொல்கிறோம் அல்லவா? இரண்டுமே ஏனத்தில் நடக்கும் வேலைகள். சூடான பாலை ஆறவிடுகிறோம்; கலங்கிய நீரைத் தேறவிடுகிறோம். கொதிக்கும் மனத்துக்கு ஆறுதல், கலங்கிய மனத்துக்குத் தேறுதல். "எவ்வளவு தேறும்?" என்று கடைக்காரர் கேட்பதும் இதே சொல்தான், கழிவு போக மிஞ்சுவது எவ்வளவு என்பதே அக்கேள்வி.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கள்ளிலிருந்து 'ஆறுதல் தேறுதல்' பிறந்தது என்று நான் சொல்லவில்லை. தெளிவு என்னும் ஒரே வேரிலிருந்து ஒரு கிளை கள்ளுப் பானைக்கும், ஒரு கிளை மனத்துக்கும், ஒரு கிளை தேர்வு மண்டபத்துக்கும் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் பழைய காரைச் சிறப்பித்துச் சொல்லும் 'விண்டேஜ்' என்ற சொல், மதுவுக்காகத் திராட்சை பறிக்கும் பருவத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது மதுவை விட்டு வெளியே போன சொல். நம் சொல்லோ மதுவுக்கும் மனத்துக்கும் பொதுவாக நின்றது.

இரண்டு கண்ணாடிக் குவளைகள்

இதே சொல்லைப் பெயரில் தாங்கிய மரம் ஒன்று உண்டு: தேற்றா மரம். அதன் விதை தேற்றாங்கொட்டை. மண் பாத்திரத்தின் உட்புறம் அதை இழைத்துக் கலங்கல் நீரை ஊற்றினால் நீர் தெளியும். கலித்தொகையின் நெய்தற்கலியில், காதலனைப் பிரிந்து மனம் பேதலித்த பெண் ஒருத்தி அவனை மீண்டும் அடைந்து தெளிகிறாள். அவள் தெளிந்ததற்குப் புலவர் சொல்லும் உவமை, இந்த விதையால் தெளிந்த கலங்கல் நீர்தான். அங்கே மரத்தின் பெயர் 'இல்லம்' என்று வருகிறது.

வேதியியல் மாணவி இதைச் சோதிக்காமல் விடலாமா? செத்தியா ஜெயா நிலையத்தில் இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் போய், நாட்டு மருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை வாங்கினேன். மழை ஓய்ந்ததும் கால்வாய் நீரை இரண்டு குவளைகளில் பிடித்தேன். இரண்டும் தே தாரேக் நிறத்தில் இருந்தன. ஒன்றில் கொட்டையை இழைத்துக் கலந்தேன். ஒரு மணி நேரத்தில் அந்தக் குவளையின் அடியில் சேறு படிந்து மேல்நீர் தெளிந்தது. மற்றது தே தாரேக்காகவே இருந்தது.

காரணம் இதுதான். நுண்ணிய களிமண் துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை; அதனால் ஒன்றையொன்று விலக்கி மிதந்துகொண்டே இருக்கும். விதையிலுள்ள பசைப்பொருள் அவற்றை ஒன்றுசேர்த்துக் கனமாக்குகிறது. கனத்தால் அவை அமிழ்கின்றன. நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்வதும் இதே வேலைதான். (தெளிந்தது என்பதற்காகக் குடித்துவிடாதீர்கள், கிருமிகள் கண்ணுக்குத் தெரியா.) சேறு மாயமாய் மறைந்துவிடவில்லை, அடியில்தான் இருக்கிறது என்பதையும் அன்று கண்ணால் கண்டேன். குவளையை ஆட்டினால் மீண்டும் கலங்கும்.

பாட்டியிடம் சொன்னபோது

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும், பாட்டியிடம் சொல்லத் தயங்கினேன். எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியிருந்த ரப்பர் தோட்டத்தில் பாட்டியும் தாத்தாவும் பால்மரம் வெட்டியவர்கள். சம்பளத்தில் பாதி தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே தங்கிவிடும். மீதியோடு தாத்தா வீடு வந்து சேர்ந்தால் அது நல்ல நாள். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே எழுதியதன் பொருள், தோட்டத்துப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும்.

பின்னர் தோட்டங்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. பாட்டியும் சுங்கை வேக்குக் குடிவந்தார். இங்கேயோ பழைய கிள்ளான் சாலை ஒன்பதாம் மைலில் 1960-களிலிருந்து பீர் ஆலை இருக்கிறது. 2016 முதல் அதன் பெயர் ஹைனெகன் மலேசியா. "கள்ளுக்கடையை விட்டு வந்தேன், பீர் கம்பெனி பக்கத்துல வந்து விழுந்தேன்" என்று பாட்டியே சொல்லிச் சிரிப்பதுண்டு.

கடைசியில் சொல்லிவிட்டேன். 'நீங்கள் எனக்குச் சொன்ன சொல்லும், அந்தக் காலத்தில் தெளிந்த கள்ளுக்குச் சொன்ன சொல்லும் ஒன்று' என்றேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கள்ளு தேறுற வரைக்கும் உங்க தாத்தா எங்கே காத்திருந்தாரு? கலங்கலாவே குடிச்சிட்டு வந்தாரு."

அகராதியில் நான் காணாத ஒன்று அந்தப் பதிலில் இருந்தது. தேறுவதற்குக் காத்திருப்பு வேண்டும். பானையை யாரும் ஆட்டாமல் இருக்க வேண்டும். தாத்தாவின் நாள்களில் அவரை ஆட்டாமல் விட்டவர் யார்? விடியற்காலைப் பெரட்டு, தண்டல், கடன், கள் என்று சுற்றிய வாழ்க்கையில் அவர் தேறுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. அவரை மன்னிக்கப் பாட்டிக்குத்தான் உரிமை உண்டு, எனக்கில்லை. ஆனால் புரிந்துகொள்ள எனக்கு இச்சொல் உதவியது.

நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. படிப்பில் பின்தங்கிய பையனைப் பார்த்து, "இவன் தேற மாட்டான்" என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிடுகிறோம். சொல்லின் பொருளை அறிந்தபின் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. கலங்கியது தேறும், அதற்குச் சிறிது நேரமும், வேண்டுமானால் ஒரு தேற்றாங்கொட்டையும் தேவை. அந்தக் கொட்டையாக இருப்பது ஓர் ஆசிரியராகலாம், மூத்த மாணவராகலாம், தலைமாட்டில் வந்து உட்காரும் பாட்டியாகலாம்.

அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்துத் தேறினேன். பாட்டியின் கணக்குப்படி, அதற்கு வெகுநாள் முன்பே நான் தேறிவிட்டிருந்தேன். இவ்வாண்டு முடிவுகள் வரும்போது, நண்பர்களே, உங்கள் அறைத் தோழரிடம் "தேறினாயா?" என்று கேளுங்கள். முடிவு எதுவாயினும், அவர் சாப்பிட்டாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.