பழைய டிராக்டர் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா? காரணம் கண்டறியும் முறைகள்

நடவுப் பருவத்தில் வயலில் தண்ணீர் கட்டி, நாற்றும் பறித்து வைத்த பிறகு, சேற்றுழவு செய்துகொண்டிருக்கும் டிராக்டர் சூடேறி நின்றுவிட்டால் உழவருக்கு ஏற்படும் இழப்பு சிறியதன்று. நடவு ஆட்கள் வரப்பில் காத்திருப்பர். பறித்த நாற்று வாடும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் தவறிப்போகும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த டிராக்டர்களில் இக்கோளாறு அடிக்கடி தோன்றுகிறது.

இந்நேரத்தில் பதற்றத்தினால் பலர் செய்யும் தவறு, உடனே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றச் சொல்வதாகும். என்ஜின் சூடாவது மனிதனுக்குக் காய்ச்சல் வருவதைப் போன்றது. அது நோயன்று, நோயின் அறிகுறி. பெரும்பாலான நேரங்களில் நோய் என்ஜினுக்கு வெளியிலேயே இருக்கிறது. தளர்ந்த பெல்ட், தூசு அடைத்த ரேடியேட்டர், நைந்த ரப்பர் குழாய் போன்ற சிறு குறைகளே காரணமாக இருக்கும். எனவே வெளியிலிருந்து தொடங்கி, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, என்ஜினைப் பிரிப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பம் வெளியேறும் வழி

டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பநிலை சில கணங்களுக்கு ஏறத்தாழ 2,000 டிகிரி சென்டிகிரேடு வரை உயர்கிறது. எரிபொருள் தரும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ அதே அளவு புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இதற்குத் தண்ணீர் பம்பு தண்ணீரைச் சுற்றவிடுகிறது. விசிறி, ரேடியேட்டரின் முன்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது. தண்ணீர் வேண்டிய சூட்டை அடையும் வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் தெர்மோஸ்டாட் அடைத்து வைத்திருந்து, பின்னர் திறந்துவிடுகிறது. பெரும்பாலான டிராக்டர் என்ஜின்கள் 75 முதல் 95 டிகிரி வரையிலான வெப்பத்தில் நன்கு உழைக்கும். ஆகவே என்ஜின் சூடாக இருப்பதே தவறு என்று கருதக்கூடாது. அளவை மீறுவதுதான் தவறு.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் டிராக்டர் ஓட்டுநரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிய வேண்டும். இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

1. சூடு திடீரென வந்ததா, சில மாதங்களாகச் சிறிது சிறிதாகக் கூடியதா? திடீரென வந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். குழாய் வெடித்துத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றிருக்கலாம். சிறிது சிறிதாகக் கூடியிருந்தால் உப்புப் படிவு, ரேடியேட்டர் அடைப்பு, பம்பின் தேய்மானம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

2. எந்த வேலையில் சூடாகிறது? கதிரடிக்கும்போது மட்டும் சூடானால் காற்று வழியில் அடைப்பு இருக்கலாம். நின்ற இடத்திலேயே தூசுக்கும் பதருக்கும் நடுவே டிராக்டர் ஓடுவதே இதற்குக் காரணம். ரோட்டவேட்டர், சேற்றுழவு போன்ற கடும் வேலையில் மட்டும் சூடானால் தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கலாம். அல்லது டிராக்டரின் சக்திக்கு மீறிய கருவி இணைக்கப்பட்டிருக்கலாம்.

3. தண்ணீர் குறைகிறதா? நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால் ஒழுக்கு உண்டு. வெளியில் ஈரமே தெரியாமல் தண்ணீர் குறைந்தால் அது என்ஜினுக்குள் போகிறது என்று பொருள்.

படிப்படியாகச் சோதிக்கும் முறை

எல்லாச் சோதனைகளையும் என்ஜின் ஆறிய பிறகே தொடங்க வேண்டும்.

1. தண்ணீர் அளவு: ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்க்கவும். குறைந்திருந்தால் ரப்பர் குழாய்களின் கிளிப்புகள், ரேடியேட்டரின் அடிப்பாகம், வடிகால் திருகு ஆகிய இடங்களில் துரு நிறக் கறை தெரிகிறதா எனப் பார்க்க வேண்டும். தண்ணீர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் பம்பின் சீல் கெட்டுவிட்டது. அத்துளையை ஒருபோதும் அடைக்கக்கூடாது.

2. வெப்பமானி: சில நேரங்களில் என்ஜின் சரியாக இருக்கும், முள் பொய் சொல்லும். வெப்பமானியின் குமிழைக் கழற்றி, சுடுதண்ணீரில் ஒரு வெப்பமானிக் கோலுடன் சேர்த்து வைத்து இரண்டும் ஒன்றாகக் காட்டுகின்றனவா எனப் பார்க்கலாம். தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டால் குமிழ் தண்ணீரைத் தொடாது. அப்போது முள் குறைந்த சூட்டையே காட்டும். இதை நம்பி ஓட்டியதால் சிலிண்டர் ஹெட் வெடித்த டிராக்டர்கள் உண்டு.

3. விசிறி பெல்ட்: பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தவும். 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை அமுங்கினால் போதும். அதற்கு மேல் அமுங்கினால் பெல்ட் வழுக்கும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தாலும் எண்ணெய் பட்டு ஊறியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்பின் பேரிங் கெடும்.

4. காற்று வழி: ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்து முன்பக்கத்திலிருந்து பார்க்கவும். வெளிச்சம் தெரியாத இடங்களில் பதரும் சுணையும் அடைத்திருக்கும். விசிறி காற்றை உள்நோக்கி இழுப்பதால், சுத்தம் செய்யும்போது விசிறிப் பக்கத்திலிருந்து முன்புறமாகத் தண்ணீரோ காற்றோ மெதுவாகச் செலுத்த வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கி, அடைப்பு மேலும் கூடும்.

5. ரேடியேட்டர் மூடி: இது வெறும் மூடியன்று. இதிலுள்ள சுருள்வில் தண்ணீரை அழுத்தத்தில் வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் நைந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து வழிந்துவிடும். மூடி தொலைந்ததும் துணியைச் சுருட்டி அடைத்து ஓட்டுவது பெருந்தவறு.

6. ரப்பர் குழாய்கள்: கீழ்க்குழாயைக் கையால் அழுத்திப் பார்க்கவும். பம்பு இக்குழாய் வழியாகவே தண்ணீரை உறிஞ்சுகிறது. ரப்பர் நைந்து மென்மையாகிவிட்டால், என்ஜின் வேகம் கூடும்போது குழாய் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். எனவே நிறுத்திவிட்டுப் பார்ப்பவருக்கு இக்குறை தெரியாது. விசிறியிலிருந்து விலகி நின்று, உதவியாளரை வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கவனிக்க வேண்டும்.

7. தெர்மோஸ்டாட்: வெப்பமானி அதிகம் காட்டும்போதும் மேல்குழாய் சூடேறாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. அதைக் கழற்றி, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கவும். அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலைக்கு அருகில் திறக்கத் தொடங்க வேண்டும். கெட்டிருந்தால் புதியது மாட்ட வேண்டுமேயன்றி, அதை நீக்கிவிட்டு ஓட்டக்கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் போதிய சூடேறாமல் ஓடும். எரியாத டீசல் ஆயிலில் கலந்து சிலிண்டரும் ரிங்குகளும் விரைவில் தேயும்.

8. உள் அடைப்பு: ரேடியேட்டரை நிரப்பிக் கீழ்க்குழாயைக் கழற்றினால் தண்ணீர் மடை திறந்தது போல் பாய வேண்டும். மெல்ல வடிந்தால் உள்ளே குழல்கள் அடைபட்டுள்ளன. உவர்க் கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுவதால் வரும் வினை இது. வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கு அளவையே உப்புப் படிவு கடத்தும். ஆதலால் மெல்லிய படிவும் பெருந்தடையாகும். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும் இருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சலவைச் சோடா கரைத்து ஊற்றி, என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி, வடித்து, நல்ல தண்ணீரால் இருமுறை அலசலாம். அலுமினியப் பாகங்கள் உள்ள என்ஜினில் சோடா பயன்படுத்தக்கூடாது. கெட்டிப் படிவு இருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துக் குழல்களைக் குத்திச் சுத்தம் செய்வதே வழி.

9. மற்றவை: என்ஜின் ஆயில் குறைந்தாலும் சூடு கூடும். கரும்புகை வந்தால் ஏர் கிளீனர் அடைப்பு, அதிகச் சுமை, இன்ஜெக்டர் கோளாறு ஆகியவற்றைப் பார்க்கவும். எரிபொருள் பம்பின் டைமிங் பிந்தியிருந்தாலும் என்ஜின் சூடாகும். பிரேக் பிடித்தபடியே இருந்தால் வீண் சுமை ஏறும்.

என்ஜினைப் பிரிக்க வேண்டிய அறிகுறிகள்

மேற்கண்டவை யாவும் சரியாக இருந்து, கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தெரிந்தால் மட்டுமே சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

அ) என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து, விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, என்ஜினைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டினால் ரேடியேட்டர் தண்ணீரில் குமிழிகள் விடாது வருதல். ஹெட் கேஸ்கட் வழியாகப் புகை தண்ணீரில் கலக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

ஆ) ஆயில் அளவுகோலில் ஒட்டும் ஆயில், பால் கலந்த காப்பி நிறத்தில் இருத்தல். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இந்நிலையில் டிராக்டரை ஓட்டவே கூடாது.

இ) என்ஜின் நன்கு சூடேறிய பிறகும் புகைபோக்கியில் வெண்ணிற ஆவி நிற்காமல் வருவதும், தண்ணீர் குறைந்துகொண்டே போவதும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஓர் உழவரின் பழைய டிராக்டர் ரோட்டவேட்டர் ஓட்டும்போது மட்டும் அரைமணி நேரத்தில் சூடேறுகிறது என்று கொள்வோம். பட்டறையில் ஹெட்டைக் கழற்றிப் புதிய கேஸ்கட் போடுகிறார்கள். மறுநாள் வயலில் இறக்கினால் மீண்டும் சூடாகிறது. அடுத்து ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். பருவமோ கைநழுவிக்கொண்டிருக்கிறது.

முதலில் மூன்று கேள்விகளையும் கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? தண்ணீர் குறையவில்லை, எனவே கேஸ்கட் மேல் ஐயம் கொள்ளக் காரணம் குறைவு. நின்று ஓடும்போது சூடாகவில்லை. வேகமும் சுமையும் கூடினால்தான் சூடாகிறது. எனவே தண்ணீர் ஓட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டி, கீழ்க்குழாயைக் கவனித்திருந்தால் அது ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரிந்திருக்கும். ஒரு ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்றினால் தீரும் வேலை இது. வரிசை மாறிச் சோதித்ததால் பணமும் பருவமும் வீணாயின.

வயலில் சூடேறிவிட்டால்

* உடனே சுமையை எடுத்துவிட்டு, தண்ணீர் இருந்து பெல்ட்டும் ஓடினால், குறைந்த வேகத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடவும். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டிவிட்டிருந்தாலோ அப்போதே நிறுத்திவிடவும்.

* சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் கொதிநீரும் ஆவியும் பீறிட்டு முகத்தையும் கண்ணையும் வேகவைத்துவிடும். குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடவும். பிறகு தடித்த ஈரச் சாக்கை மூடியின்மேல் போட்டு, முகத்தை விலக்கி, முதல் படி வரை மட்டும் திருகி, ஆவி அடங்கிய பின்னர்த் திறக்கவும்.

* வாய்க்கால் தண்ணீரை மொண்டு சூடான என்ஜினில் ஊற்றக்கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஆறிய பிறகு, என்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சிறிது சிறிதாக ஊற்றவும்.

வருமுன் காத்தல்

நாள்தோறும்: தண்ணீர், ஆயில் அளவு பார்த்தல், ரேடியேட்டர் முன்வலையைத் தட்டிச் சுத்தம் செய்தல். கதிரடிக்கும் நாட்களில் சில மணி நேரத்திற்கு ஒருமுறை என்ஜினை நிறுத்தி இதைச் செய்ய வேண்டும்.

வாரந்தோறும்: பெல்ட் இறுக்கம், குழாய்கள், கிளிப்புகள் ஆகியவற்றைச் சோதித்தல்.

பருவத்திற்கு ஒருமுறை: தண்ணீரை வடித்து, அலசி, மாற்றுதல். சுத்தமாகப் பிடித்து வடிகட்டிய மழைநீர் அல்லது உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும். துருப்பிடிப்பதைத் தடுக்கும் கூலன்ட் பயன்படுத்துவது சிறந்தது. கூலன்ட் ஊற்றிய ரேடியேட்டரில் குறைந்த அளவை வெறும் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் அதன் பயன் போய்விடும். அதன் மாற்றுக்காலத்தை டிராக்டருடன் வந்த கையேட்டில் பார்த்து அறியலாம்.

டிராக்டர் வைத்திருப்போர் ஒரு சிறு நோட்டில், என்ஜின் எந்த வேலையில், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு சூடேறியது என்று குறித்து வருவது நலம். பழுது பார்க்க வருபவரிடம் அந்நோட்டைக் காட்டினால் அவருடைய வேலை எளிதாகும். காரணம் தெரிந்த பின் கழற்றினால் செலவு குறையும். தெரியாமல் கழற்றினால் செலவு வளரும். உழவுக்குப் பருவம் எவ்வளவு முக்கியமோ, பழுது பார்ப்பதற்கு வரிசை அவ்வளவு முக்கியம் என்பதை உழவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.