எல்லைக்கோட்டில் ஒளிந்த கொள்ளையர்

கேள்வி: மலாக்கா நீரிணைக் கடற்கொள்ளையை அக்கம்பக்கத்து நாடுகளே அடக்கிவிட்டன என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெருமளவு உண்மை. மலேசியக் கடலில் கப்பலை மடக்கிவிட்டு இந்தோனேசியத் தீவுகளுக்குள் புகுந்துவிட்டால், துரத்தி வந்த படகு எல்லையில் நின்றுவிட வேண்டியதுதான்; கொள்ளையருக்கு அதுதான் வசதி. 2004-இல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் தகவலைப் பகிர்ந்தபடி அவரவர் கடலில் ரோந்து போகத் தொடங்கின. மறு ஆண்டு விமானக் கண்காணிப்பும் சேர்ந்தது. ஆனால் இந்த நாடுகளுக்கு உண்மையில் சூடு வைத்தது லண்டன் காப்பீட்டுச் சந்தை என்பேன். 2005-இல் நீரிணையை அது போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது; சேர்த்தால் கப்பல் காப்பீட்டுக் கட்டணம் ஏறும், காசு விஷயமாயிற்றே! 2006 ஆகஸ்டில் பெயர் நீங்கியது. சுனாமிக்குப் பின் நீரிணையை ஒட்டிய இந்தோனேசிய மாகாணமான ஆச்சேயில் கிளர்ச்சியாளர்களுடன் வந்த சமாதானமும் கைகொடுத்தது. பக்கத்துச் சிங்கப்பூர் நீரிணையில் மட்டும், இரவில் கப்பலேறி இன்ஜின் உதிரிபாகங்களைத் திருடும் கும்பல்கள் இன்னும் ஓயவில்லை.